காதல் இருக்கட்டும், கேஸை யார்கிட்ட கொடுத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கொலைக் கேஸ் பார்க்குற பெண் டிடெக்டிவ் ஹீரோயினா வர்ற ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவலுக்கு போன ஞாயிறு விமர்சனம் போட்டிருந்தீங்க. காதல் புகுந்து விசாரணையைக் கெடுத்துடுச்சாம். ராத்திரி முழுக்க முழிச்சு அதைப் படிச்சவ நான், எனக்கென்னவோ காதல் ஜாஸ்தியா தெரியல, காதலால அவளுக்கு வர வேண்டிய வம்பு தான் வரவே இல்ல.

செத்தவனை கடைசியா உயிரோட பார்த்தது ஹீரோ தான், அவனை விசாரிக்கப் போனவ மனசைப் பறிகொடுத்துட்டு வர்றா, சரி போகட்டும், மனசு யார் சொல்லி கேட்குது. ஆனா மறுநாள் காலைல ஸ்டேஷன்ல என்ன சொல்வா? சந்தேக லிஸ்ட்ல இருக்கிறவன் கூட பழக்கம்னா மேலதிகாரிகிட்ட சொல்லிட்டு கேஸை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சாகணும், மறைச்சா அவ எடுத்த வாக்குமூலம், அவ கையால சீல் வச்ச ஆதாரம் எல்லாத்தையும் எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்ல கிழிச்சு தொங்க விட்டுடுவாரு, நிஜ கொலைகாரனே அந்த ஓட்டைல நழுவிடலாம். சொன்னா கேஸ் போச்சு, சொல்லாட்டி எல்லாமே போச்சு. இதை விட என்னங்க சஸ்பென்ஸ் வேணும்? எழுதினவங்க இதைத் தாண்டிக் குதிச்சு நேரா இருட்டு பங்களாவுக்குப் போயிட்டாங்க.

அப்புறம் அந்த பிணத்தைத் தொட்டுப் பார்க்குற சீன். கையைத் தூக்கிப் பார்த்துட்டு சரியா 11.20க்கு உயிர் போயிருக்குங்கறா! விறைப்பு பொதுவா செத்து 2லேர்ந்து 4 மணி நேரத்துல கண் இமை, தாடைல ஆரம்பிச்சு சுமார் 12 மணி நேரத்துல உடம்பு முழுக்க பரவும், சூட்டுல சீக்கிரம், குளிர்ல லேட்டு, அதனால டாக்டருங்களே இந்த மணிலேர்ந்து இந்த மணிக்குள்ளன்னு தான் சொல்வாங்க. அந்த இடைவெளில ஹீரோ எங்க இருந்தான்னு தெரியாம அவ தவிக்கிற தவிப்புல தானே கதையே இருக்கு, நிமிஷக் கணக்கு சொல்லி அவனை அங்கயே காப்பாத்தியாச்சு.

க்ளைமாக்ஸ்ல கதவை உடைச்சுட்டு வந்து அவளைக் காப்பாத்துறதும் அவனே. அவ இடுப்புல இருந்த துப்பாக்கி என்ன ஆச்சோ. 1912ல நியூயார்க் போலீஸோட முதல் பெண் டிடெக்டிவ் ஆன இசபெல்லா குட்வின், கொள்ளைக்காரனோட காதலி தங்கியிருந்த விடுதில வேலைக்காரியா நடிச்சு துப்பு கொண்டு வந்தவங்க, கதவை உடைக்க யாரும் வரல.

காதலை எடுத்துட்டா நல்ல துப்பறியும் கதைங்கறாரு உங்க விமர்சகர். எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க சார், ராத்திரி 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து அந்த ஃபைலை மறுபடி புரட்ட அவளுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி