சாயங்கால ஆராதனையும் என் பழைய பெட்டியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து உன் பழைய ஆர்மோனியப் பெட்டிக்காரன் எழுதுவது. உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. உடனே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், நடுவில் கண் ஆபரேஷன் வந்துவிட்டது. வலது கண்ணில் புரை. இப்போது பரவாயில்லை, பாட்டுப் புத்தகத்தில் ராகம் தாளம் போட்டிருக்கிற பொடி எழுத்துகூடத் தெரிகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று தங்கச்சி சொல்வதைக் கொஞ்சம் கேள்.

உன் பேத்தி உன்னைக் கூட்டிக்கொண்டு போன சிட்னி சபையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாய். இருட்டு மண்டபம், மேடையில் மட்டும் வெளிச்சம், வாசலில் காப்பிக் கடை, முக்கால் மணி நேரம் பாட்டு, கடைசியில் ஜீன்ஸ் போட்ட போதகர் வந்து கால்மணி நேரம் பேச்சு. "இது கோயிலா, கச்சேரியா?" என்று கேட்டிருக்கிறாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். அதே கேள்விதான் இங்கே எங்கள் சபையை நடத்துகிற சேகரக் கமிட்டியில் ஆறு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

போன லெந்து, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், முடிந்த கையோடு ஞாயிறு சாயங்காலம் தனியாக ஒரு ஆராதனை வேண்டும் என்று வாலிபர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஜெபப் புத்தகம் கிடையாது. டிரம்ஸ், கீபோர்டு, இரண்டு கிதார். பிரசங்கம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் பிரசங்கம் தொடங்கினால் போனை எடுத்துவிடுகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் எதிர்த்துப் பேசினேன். நாற்பது வருஷம் கோயில் பாடகர் குழுவில், கொயரில், பெட்டி வாசித்தவன் இல்லையா, அந்த உரிமையில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். தீர்மானம் நிறைவேறியது. மூன்று மாதம் முறைத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள், என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆராதனையில் நான் பார்த்தே இராத முகங்கள். நர்சிங் படிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர், செல்போன் கடையில் வேலை பார்க்கிற ஒரு பையன், சீருடையோடு வந்த ஆட்டோ டிரைவர். செல்போன் கடைப் பையன் வீட்டில் யாரும் கிறிஸ்தவர்கள் இல்லையாம், டிரம்ஸ் சத்தம் கேட்டு உள்ளே வந்தவன், அதற்கப்புறம் ஒரு வாரமும் தவறவில்லை. அவன் தப்பித்தவறி நம் காலை ஆராதனைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையில் ஜெபப் புத்தகம், பாட்டுப் புத்தகம், பைபிள் என்று மூன்றைத் திணித்திருப்போம். எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எப்போது எழும்ப வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் முழித்திருப்பான். தெரியாமல் ஒரு குடும்பத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்தக் குடும்பம் பார்க்கிற பார்வையிலேயே எழுந்து போயிருப்பான். பாட்டுக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. கை தட்டத் தெரிந்தால் போதும், உள்ளே வந்துவிடலாம்.

இனி என் புகார். இரண்டாவது பாட்டு நடக்கும்போது கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். மேடைச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பக்கத்தில் நிற்கிற பையனுக்கு வாய் அசைகிறது, குரல் கேட்கவில்லை. என் குரலே எனக்குக் கேட்கவில்லை. சுருதி பாடுகிறவனின் தொண்டைக்கு வைத்தது. நம் வயசுக்காரர்களுக்கு எட்டவே எட்டாது. திரையில் தமிழ்ப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் போட்டிருந்தார்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் பிடிக்க மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் நூறு பேர் இருக்கிற கோயிலில் ஒருவர் வாயிலிருந்தும் அடுத்த வரி வரவில்லை. நான் எழுந்து நின்று ஒரு கீர்த்தனையை எடுத்து இவர்களுக்குக் காட்டிவிடுவோம் என்று நினைத்தேன். எடுத்தேன். இரண்டாம் சரணத்தோடு நின்றுபோயிற்று. மூன்றாவது வரவே இல்லை மாப்பிளே. நாற்பது வருஷமும் புத்தகத்தைப் பார்த்துத்தான் வாசித்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஊரில் நம் ஆச்சிமார் புத்தகம் இல்லாமல், விளக்கு இல்லாமல், நெல் குத்திக்கொண்டே ஏழு சரணமும் பாடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஆதியாகமத்திலிருந்து சிலுவை வரைக்கும் வரிசையாகத் தெரியும். பாட்டு வழியாக வந்த படிப்பு அது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது இன்னொரு வெட்கம். எந்தப் பாரம்பரியத்துக்காக நான் கமிட்டியில் மேசையைத் தட்டினேன்? என் பெட்டியையே எடுத்துக்கொள். 1840களில் பாரீஸில் ஒருவர் காப்புரிமை வாங்கிய கால்மிதிப் பெட்டி. அதைத் தரையில் உட்கார்ந்து கையால் வாசிக்கிற மாதிரி மாற்றியது கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ். அகில இந்திய வானொலி 1940லிருந்து 1971 வரை அதை உள்ளேயே விடவில்லை, நம் சங்கீதத்துக்கு ஒவ்வாத அந்நிய வாத்தியம் என்று. அதைக் கட்டிக்கொண்டுதான் நான் டிரம்ஸை அந்நியம் என்றேன்.

கீர்த்தனை கதை இன்னும் வேடிக்கை. கீர்த்தனைகள் எழுதின தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நம் ஜில்லாக்காரர், 1774இல் பிறந்தவர். பன்னிரண்டு வயசுப் பையனாக இருந்தபோது ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனார். சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர். குறவஞ்சி என்ன, கும்மி என்ன, கையில் கிடைத்த தமிழ் வடிவத்திலெல்லாம் கிறிஸ்தவ வேதத்தைப் போட்டு அடைத்துப் பாடினார். அவர் பாட்டே பிரசங்கம்தான். வானத்துக் கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்பதுகூடக் குறவஞ்சிக்குள் வந்துவிடும். பிற்பாடு வந்த புது மிஷனரிமார்களுக்கு இது பிடிக்கவில்லை. கோயிலுக்குள் தமிழ்ச் சங்கீதம் வேண்டாம், ஜெர்மன், இங்கிலீஷ் மெட்டில் மொழிபெயர்த்த பாட்டுகள் போதும் என்றார்கள். 1820களின் கடைசியில் சாஸ்திரியார் அவர்கள்மேல் நான்கு கொடுமைகளைச் சுமத்தி எழுதினார். வேதத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள், நம் பாட்டையும் வாத்தியத்தையும் கோயிலைவிட்டு விரட்டுகிறார்கள். நான்காவதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. எல்லாச் சாதியையும் அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தில் ஒன்றாக உட்காரச் சொல்கிறார்கள் என்பதும் அவருக்குக் கொடுமையாகப் பட்டிருக்கிறது. பாட்டுக்காக அழுத அதே மனசு இதற்கும் அழுதிருக்கிறது. பாரம்பரியம் பாரம்பரியம் என்று நாம் மூட்டை கட்டும்போது உள்ளே என்னென்ன வைத்துக் கட்டுகிறோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் அந்தப் பாட்டுகளை அச்சில் ஏற்றியவரும் ஒரு மிஷனரிதான், மதுரை அமெரிக்கன் மிஷனின் எட்வர்ட் வெப், 1853இல். தமிழன் தமிழ் ராகத்தில்தான் மனசு வைத்துப் பாடுவான் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. ஆக, ஒரு காலத்தில் கோயிலுக்கு ஆகாது என்று வெளியே தள்ளின சங்கதியை வைத்துத்தான் இன்றைக்கு நானும் நீயும் புதியவனை வெளியே தள்ளப் பார்க்கிறோம். ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்தின லூத்தர் காலத்திலும் இதுதானே? குருக்கள் பாட, ஜனங்கள் கேட்டுக்கொண்டு நின்ற இடத்தில், 1524இல் எட்டே பாட்டுள்ள ஒரு சின்னப் புத்தகத்தை ஜனங்கள் கையில் கொடுத்தார்கள். எனக்கு உறுத்துவது அங்கேதான். அன்றைக்கு மேடையிலிருந்து பாட்டைப் பிடுங்கி ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஜனங்களிடமிருந்து வாங்கி மறுபடியும் மேடைக்குக் கொடுத்துவிட்டோம். நாம் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். டிரம்ஸ் இருக்கட்டும். அந்த வால்யூமைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிரசங்கத்துக்கு வருகிறேன். பாட்டு வந்து பிரசங்கத்தை விரட்டிவிட்டது என்று நீயும் எழுதியிருக்கிறாய், கமிட்டியில் நானும் அதைத்தான் சொன்னேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரசங்கம் எப்பவோ போய்விட்டது. காலியாகக் கிடந்த இடத்தில்தான் டிரம்ஸை வைத்தார்கள். காலை ஆராதனையில் நாற்பது நிமிடம் நடப்பது என்ன? மூன்று தலைப்பு, மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கும், நடுவில் ஒரு வாட்ஸப் கதை, முடிவில் ஆசீர்வாதம். இதைப் பத்து நிமிடமாகக் குறைத்ததில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஊரில் நம் பழைய போதகர் ஐயர் பைபிளில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்துப் பிரசங்கம் பண்ணினாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் ஏழாவதோ எட்டாவதோ படித்துக்கொண்டிருந்தோம். எளியவனை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றுப்போட்டார்கள் என்ற வசனத்தை வாசித்துவிட்டு, பைபிளை மூடினார். பனையேறிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, சீசன் முடிகிறவரை கருப்பட்டியைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறவன் காணிக்கைப் பையில் எவ்வளவு போட்டாலும் அது காணிக்கை இல்லை என்றார். பெயர் சொல்லவில்லை. பார்வை மட்டும் முதல் பெஞ்சுக்குப் போயிற்று. உன் பெரியப்பா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நடுவழியே நடந்து வெளியே போனார். செருப்புச் சத்தம் எனக்கு இப்பவும் கேட்கிறது. இரண்டு மாதம் கோயில் பக்கம் வரவில்லை. அப்புறம் வந்தார். கருப்பட்டி விலையில் ஏதாவது மாற்றம் வந்ததா என்பது உனக்குத்தான் தெரியும், எங்கள் வீட்டில் அதைப் பேச மாட்டார்கள்.

இந்த வேலையைப் பாட்டு செய்யாது. பாட்டு தோளில் கை போடும், கண்ணைத் துடைத்துவிடும், இதோ ஒரு செல்போன் கடைப் பையனைக் கையைப் பிடித்து உள்ளேயும் கூட்டி வந்துவிடும். ஆனால் பாட்டுக்கு விரல் கிடையாது. யாரையும் சுட்டாது. சுட்டாததால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறதோ என்னவோ. அந்த ஐயருக்குப் பிறகு அப்படிப்பட்ட பிரசங்கம் இரண்டோ மூன்றோ கேட்டிருப்பேன். காலை ஆராதனையிலேயே இல்லாததைச் சாயங்காலத்தில் காணோம் என்று சண்டை போட்டால் எப்படி?

அழுகிற பாட்டு இல்லாமல் போனது இன்னொரு குறை. எல்லாம் ஜெயம், ஜெயம். கொரோனா அடைப்பு முடிந்து கோயில் திறந்த முதல் ஞாயிறு துள்ளுகிற பாட்டாக எடுத்தார்கள். புருஷனை அடக்கத்தில் கிட்டே போய்ப் பார்க்கக்கூட முடியாமல் போன ஒரு அம்மா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் நின்று கை தட்டினார்கள். அவள் எழும்பவே இல்லை. பைபிளில் இருக்கிற சங்கீதப் புத்தகத்தின் நூற்றைம்பது பாட்டில் கால்வாசிக்கு மேல் புலம்பல். தாவீது பாடினதை நம்மால் பாட முடியவில்லை.

சிகாகோ பக்கத்தில் ஒரு பெரிய சபை இருக்கிறதே, வில்லோ கிரீக். 1975இல் சினிமா தியேட்டர் ஒன்றில் ஆரம்பித்தது. வீடு வீடாகப் போய், ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று கேட்டு, ஜனங்கள் சலிப்பு என்று சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டு, பாட்டும் நாடகமுமாக ஆராதனையை மாற்றினார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் வந்தது. உலகமே அதைப் பார்த்துக் காப்பி அடித்தது. 2007இல் அவர்களே தங்கள் ஜனங்களிடம் கேட்டுப் பார்த்து, நிகழ்ச்சிகளுக்கு வருவது கூடினதால் விசுவாசம் வளர்ந்துவிடவில்லை என்று வெளியே சொன்னார்கள். சொன்னதற்கு ஒரு தைரியம் வேண்டும். நம் காலை ஆராதனைக்காரர்களிடம் யாராவது அப்படிக் கேட்டுப் பார்த்தால் என்ன பதில் வரும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான்.

உன் பேத்தியைக் கோபிக்காதே. அந்தச் சபையில் அவள் பாடுகிறாளா, இல்லை பார்க்கிறாளா என்று மட்டும் கேட்டுப் பார். பாடுகிறாள் என்றால் நீயும் கூடப் போ. உன் கட்டைக் குரல் அந்த ஸ்பீக்கரை மீறிக் கேட்டாலும் கேட்கும்.

இப்போது உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். அந்தக் கரண்ட் போன ராத்திரி, டிரம்ஸ் வாசிக்கிற பையன் என்னைத் தேடி வந்து, "தாத்தா, நீங்க பாதியில விட்டீங்களே, அது என்ன தாளம்?" என்று கேட்டான். ஆதி என்றேன். கையில் போட்டுக் காட்டச் சொன்னான். போட்டுக் காட்டினேன். அவன் அதை டிரம்ஸில் வாசித்தபோது எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை அவ்வளவு இல்லை. இப்போது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேர் வீட்டுக்கு வருகிறார்கள். செல்போன் கடைப் பையனும் வருகிறான், அவனுக்குத்தான் சுருதி சுத்தமாக இருக்கிறது. மைக் இல்லாமல் பாட வேண்டும், ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்க வேண்டும், இந்த இரண்டும்தான் என் நிபந்தனை. முதலாவதற்கு ஒத்துக்கொண்டார்கள், இரண்டாவதற்கு இன்னும் பழகவில்லை.

நாம் கொயரில் பாடின காலத்தில் நீ சோல்ஃபா ஸ்வர எழுத்தில் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாகத்தை எழுதி வைத்த நீல அட்டை நோட்டு ஒன்று உண்டே, அது உன்னிடம்தானே இருக்கிறது? லெந்துக்குப் பாடுகிற கீர்த்தனைகள் அதன் பின்பாதியில் இருக்கும். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. வருகிற சனிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. மூன்றாம் சரணம் அழிந்திருந்தால், ஞாபகம் இருக்கிற மட்டும் நீயே பாடி அனுப்பிவிடு. கடிதத்துக்குப் பதில் அப்புறம் மெதுவாக எழுதலாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. வீட்டுக்காரி கருப்பட்டி அல்வா செய்து வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் சிட்னி வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் பெட்டிக்காரன்