அலட்சியம் என்று எழுதிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் வந்த இரத்த அழுத்தக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழக அரசின் 2020ஆம் ஆண்டு ஆய்வில் இந்நோய் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்குத்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது, அடுத்த சுற்றில் அது 17 ஆனது என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். நல்லது. மீதி 83 பேருக்கு மட்டும் ஒரே வரி: ‘நோயாளிகளின் அலட்சியமே காரணம்.’ உலகில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது என்றும் நீங்களே எழுதுகிறீர்கள். இருப்பதே தெரியாதவர் எதை அலட்சியம் செய்வார் ஐயா?

என் மனைவி பால் கணக்கில் ஒருநாள் விட்டவள் அல்ல. அவளுக்கு இரத்த அழுத்த மாத்திரை அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று. மூன்றாம் மாதம் மருத்துவமனையில் அளந்துவிட்டு ‘நார்மல்’ என்றார்கள். மாத்திரை போடுவதால்தான் நார்மல் என்று ஒருவரும் சொல்லவில்லை. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துகிறோமே, அப்படி நிறுத்திவிட்டாள். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை. எட்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை, கோலமாவுக் கிண்ணம் கையிலிருந்து நழுவியது. இன்றும் அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழாது.

என் கதை வேறு. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், மாடி ஏறி, வரிசையில் நின்றேன். முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றி, அளக்கும்போதே டோக்கன் எண்ணைக் கேட்டார்கள். 170 என்று வந்தது. இன்னொரு மாத்திரை சேர்ந்தது. ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், கையில் துணி இருக்கக் கூடாது, பேசக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. உட்கார நாற்காலி வேண்டுமே!

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கும் ஒரு பெண் தன்னார்வலர் வருகிறார். திண்ணையில் உட்காரவைத்து, மூச்சு வாங்குவது நின்ற பிறகே அளக்கிறார். ‘நார்மலா இருந்தாலும் மாத்திரையை விட்டுடாதீங்கம்மா’ என்று முதலில் சொன்னவர் அவர்தான். அவருக்குத் தங்கள் கட்டுரையில் அரை வரிகூடக் கிடைக்கவில்லை.

இடம் எங்கே போயிற்று என்று பார்த்தேன். கட்டுரைக்கு நேர் கீழே கால் பக்க விளம்பரம்: ‘48 நாளில் பிரஷருக்கு விடை! இனி மாத்திரையே வேண்டாம்!’ பக்கத்தைத் திருப்பினால் மாங்காய் ஊறுகாய் செய்முறை, ‘உப்பு தாராளமாக’ என்ற குறிப்போடு. நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதை முன்பக்கத்தில் அச்சடித்தவர்களும் தாங்களே. ஏதோ ஒரு கீரைச் சாற்றைக் குடித்தால் பிரஷர் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதியதற்கும் கடிதம் போட்டேன். அது வெளியாகவில்லை. அதுவும் என் அலட்சியமாக இருக்கலாம்.

விளம்பரத்தை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. பத்திரிகை நடக்க வேண்டும். அதை விளையாட்டுப் பக்கத்துக்காவது மாற்றிவிடுங்கள். என் மனைவி நலவாழ்வுப் பக்கம் ஒன்றைத்தான் படிக்கிறாள், இடது கையால் பிடித்துக்கொண்டு.

தங்கள் 31 ஆண்டுச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற எழுத்தர், மன்னார்குடி