ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள், கண்ணா

கண்ணா,

ஒரு குழுவையே உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். அம்மாவுக்கு அவ்வளவு பெருமை. அதை நீயே சொல்லியிருக்கலாம். இப்போதெல்லாம் போன் எடுத்தால் எழுந்து வெளியே போய்த்தான் பேசுகிறாய். நடுநடுவே இருமுகிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாயே, சொல்கிறேன். ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எங்கள் எக்கோ அறைக்கு உன் வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்லி, ஜெல் தடவி, படம் பிடிக்கும் புரோபை நெஞ்சில் வைத்ததுமே ஈ.எஃப் எவ்வளவு என்பார்கள். 60 என்றால் முகம் மலர்ந்துவிடும். அதாவது இதயத்தின் இடது கீழறை தன்னிடம் நிரம்பும் ரத்தத்தில் 60 சதவீதத்தை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுகிறது. நல்ல எண்தான். ஆனால் சிகரெட் பிடிக்கிறவர் என்றால் அந்த எண்ணை நம்பி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. பெரியப்பாவுக்கும் 60தான் இருந்தது.

அதனால்தான் ஸ்ட்ரெயினும் பார்க்க வேண்டும் என்கிறேன். எக்கோ படத்தில் இதயத் தசை முழுக்கப் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். அவை நகர்வதைக் கம்ப்யூட்டர் பின்தொடர்ந்து, தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்கிடும். நல்ல இதயத்தில் 20 சதவீதத்தை ஒட்டி வரும். ரிப்போர்ட்டில் மைனஸ் 20 என்று போடுவோம், மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும். நீளவாக்கில் சுருங்கும் தசைநார்கள் பெரும்பாலும் உட்சுவரை ஒட்டி இருப்பவை. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிபடுவது அவைதான். சிகரெட் புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே நேரத்தில் நிகோடின் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி இதயத்தின் வேலையைக் கூட்டிவிடும். ஈ.எஃப் அப்படியே இருக்கும்போதே ஸ்ட்ரெயின் 17, 16 என்று இறங்கிவிடக்கூடும். நெஞ்சுவலி வராது, மூச்சும் வாங்காது. ஆளுக்கு எதுவுமே தெரியாது.

எக்கோவிலேயே ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளரிலும் சில சமயம் தெரியும். இளவயதில் இதயம் நன்றாகத் தளர்ந்து ரத்தத்தை உள்ளே வாங்கும். ரத்தம் முதலில் பாய்ந்து நிரம்புவதைக் காட்டும் ஈ அலை, பிறகு மேலறை சுருங்கித் தள்ளுவதைக் காட்டும் ஏ அலையைவிட உயரமாக இருக்கும். தளர்வது சிரமமானால் ஈ அலை குட்டையாகிவிடும். வயதானவர்களிடம் பார்த்துப் பழகிய அந்தப் படத்தை ஒரு சின்னப் பையனிடம் பார்க்கும்போது எனக்குக் கை ஓடுவதில்லை. அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

நீ ஒருமுறை எக்கோ எடுத்துக்கொள். ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது, வலிக்காது. ஸ்ட்ரெயினும் சேர்த்துப் பார்க்கச் சொல். பல இடங்களில் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

ஆனால் எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டால் தைரியமாகிவிடாதே. ரத்தக்குழாய்க்குள் படிந்திருப்பதை எக்கோ நேராகக் காட்டாது. பெரியப்பா விஷயத்தில் நடந்தது அதுதானே. ஒன்றிரண்டுதானே என்றும் நினைக்காதே. ஒரு நாளைக்கு 20 பிடிப்பவருக்குக் கூடுகிற மாரடைப்பு ஆபத்தில் கிட்டத்தட்ட பாதி, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் உண்டு. அதே சமயம், அடியோடு விட்டவர்களுக்குக் கூடியிருந்த ஆபத்து ஒரு வருடத்திலேயே ஏறக்குறைய பாதி குறைந்துவிடுகிறது. உன் வயதில் விட்டால் எவ்வளவோ மீட்டுக்கொள்ளலாம்.

உன்மேல் கோபம் இல்லை. சின்ன வயதிலிருந்தே எதையும் நினைத்தால் செய்து முடிக்கிற பிள்ளை நீ. என்னிடம் மறைக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். அப்பாவிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

எக்கோ எடுத்துக்கொள். ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு. படங்களையும் சேர்த்து அனுப்பு, நானே பார்க்கிறேன். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல், அதை இன்றைக்கே விட்டுவிடு.

அம்மா