எந்த பட்டன் என்று கேட்டாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் வெப் பக்கத்து டேபிளில் வரியை அழிக்கும் பட்டனில், குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் சரியாகத் தட்டினால் வரி அழியவில்லை, பட்டனின் ஓரத்தில் தட்டினால் அழிகிறது, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகிறது, கஸ்டமர் மட்டும் திட்டுகிறார் என்று புலம்பினாய். தட்டியது எந்த பட்டன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டாய். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிட்டு ஓடிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். கோட் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அப்படியே காப்பி அடிக்க முடியாது, அதுவும் நல்லதுதான்.

உன் ஜாவாஸ்கிரிப்ட் கோட் என்ன கேட்கிறது? ஈவென்ட்.டார்கெட்டை, அதாவது தட்டல் போய்ச் சேர்ந்த எலிமென்டை (பக்கத்தின் ஒரு துண்டை) எடுத்து, அதன் கிளாஸ் (நாம் வைக்கும் வகைப்பெயர்) 'டெலீட்' என்று இருந்தால் அழி என்கிறது. டார்கெட் பொய் சொல்லவில்லை. விரல் பட்ட இடத்தில் ஆக உள்ளே இருக்கிற எலிமென்ட் எதுவோ அதைத்தான் அது சொல்லும். உன் பட்டனுக்குள் ஒரு எஸ்விஜி படம் (கோடுகளால் வரையும் படம்), அந்தப் படத்துக்குள் கோட்டை வரைகிற ஒரு பாத் எலிமென்ட். படத்தின் கோட்டின்மேல் தட்டினால் டார்கெட் அந்தப் பாத். படத்திலேயே கோடில்லாத இடத்தில் தட்டினால் எஸ்விஜி. ஓரத்தில் தட்டினால்தான் பட்டன். பாத்துக்கு யார் டெலீட் என்று கிளாஸ் வைத்தார்கள்? உன் இஃப் தோற்றுப் போகிறது, எரரும் வராது, சத்தமில்லாமல் ஒன்றும் நடக்காது. இதில் இன்னொரு வம்பு, எஸ்விஜி எலிமென்டின் கிளாஸ்நேம் ஸ்ட்ரிங்கே (வெறும் எழுத்துத் தொடர்) இல்லை, அது ஒரு ஆப்ஜெக்ட். ஸ்ட்ரிங்குக்குள் தேடுகிற இன்க்ளூட்ஸை அதில் கூப்பிட்டிருந்தால் எரராவது வந்திருக்கும். நீ ஈக்குவல் போட்டு ஒப்பிட்டதால் அதுவும் வரவில்லை.

இப்போது நம்மூர் மதுரையை வைத்துச் சொல்கிறேன். ஒருவர் ஜங்ஷனில் இறங்கி மீனாட்சியைப் பார்க்கப் போகிறார். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி, மதிலுக்குள் ஆடி வீதி என்று சுற்று சுற்றாக உள்ளே போகிறார். தரிசனம் முடிந்ததும் அதே சுற்றுகளைத் தாண்டி வெளியே வருகிறார். கிளிக்கும் இப்படித்தான் போய்த் திரும்புகிறது. விண்டோ, டாக்குமென்ட், பாடி, டேபிள், வரி, பட்டன் என்று உள்ளே இறங்கும்போது கேப்சர். அடியைத் தொட்டுவிட்டு மேலே ஏறும்போது பப்ளிங். நாம் சாதாரணமாகப் போடும் லிசனர் (ஈவென்ட் வந்தால் ஓடும் கோட்) எல்லாம் திரும்பி வரும்போதுதான் கேட்கும். மாசி வீதியில் கடை வைத்திருப்பவர் பார்த்தாலும் சித்திரை வீதியில் பூக்கட்டுபவர் பார்த்தாலும் அந்த ஆள் போன சன்னதி ஒன்றுதான், அதுதான் டார்கெட். பார்க்கிறவர் எந்த வீதியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது கரன்ட்டார்கெட். முதலாவது வழி நெடுக மாறாது. இரண்டாவது ஒவ்வொரு சுற்றிலும் மாறும்.

அப்படியானால் பட்டனிலேயே லிசனரை மாட்டிவிட்டு கரன்ட்டார்கெட்டைக் கேட்டால் போதுமே என்பாய். போதும். பக்கத்தில் நாலு பட்டன்தான், கூடவும் செய்யாது குறையவும் செய்யாது என்றால் அப்படியே செய், அதைவிடச் சுத்தமான வழி இல்லை. எதைத் தட்டினாலும், உள்ளே எத்தனை படம் இருந்தாலும், கரன்ட்டார்கெட் பட்டன்தான். சாதாரண ஃபங்ஷனாக எழுதினால் திஸ் என்பதும் அதுவேதான். அம்புக்குறி போட்டு எழுதும் ஏரோ ஃபங்ஷனில் மட்டும் திஸ் வெளியிலிருந்து வரும், அதை நம்பாதே. நானாக இருந்தால் இரண்டிலுமே கரன்ட்டார்கெட் என்றே எழுதுவேன். படிக்கிறவருக்குச் சந்தேகம் வராது.

உன் பிரச்சினை வரிகள் கூடிக்கொண்டே போகும் டேபிள். பெரியப்பாவின் மாட்டுத்தாவணி பூக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்குப் பக்கமும் அதே ஜாதிதான். விடிகாலையில் உசிலம்பட்டி பக்கமிருந்தும் திருமங்கலம் பக்கமிருந்தும் மூட்டைகள் இறங்க இறங்க, விவசாயி பெயர், மல்லியா பிச்சியா கனகாம்பரமா, எத்தனை கிலோ, என்ன விலை என்று வரி ஏறிக்கொண்டே இருக்கும். முகூர்த்த நாளுக்கு முதல் நாள் என்றால் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு வரியிலும் திருத்து, அழி, சீட்டு என்று மூன்று பட்டன். வரி வரும்போதெல்லாம் மூன்று லிசனர் மாட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டேபிளின் டீபாடியில் (வரிகள் எல்லாவற்றையும் சுற்றியிருக்கும் எலிமென்ட்) ஒரே ஒரு கிளிக் லிசனர். பிறகு வரும் வரிகளையும் அதுவே கேட்கும். இதற்கு ஈவென்ட் டெலிகேஷன் என்று பெயர். ரியாக்ட் லைப்ரரி உள்ளுக்குள் செய்வதும் இதுதான். 2020இல் வந்த 17ஆம் பதிப்புக்கு முன்னால் டாக்குமென்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பதிப்பிலிருந்து ஆப்பின் ரூட் எலிமென்டில் மாட்டுகிறார்கள்.

டெலிகேஷனில் கரன்ட்டார்கெட் எப்போதும் டீபாடிதான், அது உனக்கு உதவாது. டார்கெட்டோ பாத், எஸ்விஜி, ஸ்பேன் என்று கண்டதையும் சொல்லும். உனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதை எடுத்துத் தருவது க்ளோசஸ்ட். ஈவென்ட்.டார்கெட்.க்ளோசஸ்ட் என்று கூப்பிட்டு, டேட்டா-ஆக்ஷன் (என்ன வேலை என்று பட்டனில் நீயே எழுதிவைக்கும் குறிப்பு) உள்ள பட்டன் என்று செலக்டர் (எது வேண்டும் என்ற அடையாளம்) கொடு. டார்கெட்டில் ஆரம்பித்து (டார்கெட்டே பொருந்தினால் அதையே) மேலே ஒவ்வொரு படியாக ஏறி, முதலில் பொருந்துவதைக் கொடுக்கும். ஒன்றும் பொருந்தாவிட்டால் நல், அதாவது ஒன்றுமில்லை. அந்த நல்லை முதல் வேலையாகப் பார்த்து ரிட்டர்ன் பண்ணிவிடு. வரியின் வெற்று இடத்தில் தட்டுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதோடு, க்ளோசஸ்ட் உன் டேபிளோடு நின்றுவிடாது, அதைத் தாண்டியும் ஏறும். டேபிளுக்கு வெளியே அதே செலக்டருக்குப் பொருந்துகிற ஏதாவது சுற்றி இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வரும். கிடைத்தது டேபிளுக்குள்தான் இருக்கிறதா என்று கரன்ட்டார்கெட்.கன்டெய்ன்ஸ் சோதனை ஒன்று போட்டுவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

அப்புறம் எந்த வரி என்ற கேள்வி. பட்டனுக்கு 'டெலீட்_17' என்று ஐடி வைத்து, அண்டர்ஸ்கோரில் வெட்டி எண்ணைப் பிடுங்கும் கோட் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடிக்காது. டேபிளில் இத்தனையாவது வரி என்று எண்ணிப் பார்ப்பது அதைவிட மோசம், யாராவது விலைப்படி வரிசையை மாற்றினால் தப்பான விவசாயியின் கணக்கு அழியும். வரியின் டீஆரில் (ஒரு முழு வரிக்கான எலிமென்ட்) டேட்டா-என்ட்ரி-ஐடி என்று எழுதிவிடு. பட்டனிலிருந்து இன்னொரு க்ளோசஸ்ட் போட்டு டீஆரைப் பிடி, டேட்டாசெட்.என்ட்ரிஐடி என்று படி. ஹைஃபன் போய் அடுத்த எழுத்து பெரிய எழுத்தாகும், அதை மறந்துவிட்டு அன்டிஃபைன்ட் என்று முழிக்காதே. வருவது ஸ்ட்ரிங் என்பதும் நினைவிருக்கட்டும். எண்ணோடு மூன்று ஈக்குவல் போட்டு ஒப்பிட்டால் ஒட்டவே ஒட்டாது.

உங்கள் ஆபீசில் ஐகானுக்கு, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் போட்டுவிடச் சொல்வார்கள். வேலை செய்யும், படம் விரலுக்கே தெரியாமல் போய் டார்கெட் பட்டனாகிவிடும். ஆனால் நாளைக்கு ஒருவர் டிசைனை மாற்றி ஸ்பேன் ஒன்றை உள்ளே வைத்தால் பழைய கதைதான். ஜாவாஸ்கிரிப்ட்டின் ஓட்டையை சிஎஸ்எஸ்ஸால் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பழைய ப்ராஜெக்டைத் திறந்தால் ஸ்ர்க்எலிமென்ட் என்று ஒன்றைப் பார்ப்பாய். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் டார்கெட். அந்தக் காலத்தில் நெட்ஸ்கேப் பிரவுசரில் ஈவென்ட் வெளியிலிருந்து உள்ளே வந்தது, மைக்ரோசாஃப்ட் பிரவுசரில் உள்ளிருந்து வெளியே போனது. 2000 நவம்பரில் வந்த டாம் லெவல் 2 ஈவென்ட்ஸ் என்ற பொதுத் தரநிலை இரண்டையும் சேர்த்து ஒரே பயணமாக்கியது. அதற்குப் பிறகும் 2011இல் ஐஇ 9 வரும்வரை நாங்கள் லிசனர் மாட்ட அட்டாச்ஈவென்ட் ஒரு பக்கம், ஆட்ஈவென்ட்லிசனர் ஒரு பக்கம் என்று இரண்டாக எழுதிக்கொண்டிருந்தோம். அட்டாச்ஈவென்டில் திஸ் என்று கேட்டால் விண்டோவைக் காட்டும், யார் கேட்கிறார் என்றே தெரியாது. உனக்கு அந்தத் தலைவலி இல்லை. ஸ்ர்க்எலிமென்டைப் பார்த்தால் டார்கெட் என்று மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இரு.

கரன்ட்டார்கெட் விஷயத்தில் ஒன்று உன்னைக் கட்டாயம் கடிக்கும். ஈவென்ட் பயணம் முடிந்தவுடன் அது நல் ஆகிவிடும். லிசனருக்குள் காத்திருக்கச் சொல்லும் ஒரு அவெய்ட் போட்டு, சர்வர் பதில் வந்த பிறகு கரன்ட்டார்கெட்டைக் கேட்டால் கிடைக்காது. கொஞ்ச நேரம் கழித்து ஓடச் சொல்லும் செட்டைம்அவுட்டுக்குள்ளும் அப்படியே. முதல் வரியிலேயே ஒரு கான்ஸ்டில் எடுத்து வைத்துக்கொள். இதிலே கன்சோல் வேறு குழப்பும். ஈவென்டை முழுசாக லாக் செய்துவிட்டு, நிதானமாக அம்புக்குறியைத் தட்டி விரித்தால் கரன்ட்டார்கெட் நல் என்றுதான் காட்டும். நீ விரிக்கும் நேரத்துக்குள் பயணம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஈவென்டை லாக் செய்யாதே, ஈவென்ட்.கரன்ட்டார்கெட் என்று அதை மட்டும் லாக் செய்.

எல்லா ஈவென்டும் வெளியே வராது. ஃபோகஸ், ப்ளர் இரண்டும் மேலே ஏறாது. டீபாடியில் கேட்க வேண்டுமானால் ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட். மவுஸ்என்டரும் ஏறாது, மவுஸ்ஓவர் ஏறும். லேபிளுக்குள் செக்பாக்ஸ் வைத்திருந்தால் ஒரு தட்டலுக்கு இரண்டு கிளிக் வரும், லேபிளின் எழுத்தில் பட்டது ஒன்று, பிரவுசரே செக்பாக்ஸுக்கு அனுப்புவது ஒன்று. அங்கே கிளிக்கை விட்டுவிட்டு சேஞ்சைக் கேள். ஃபார்மில் சேமி, சேமித்து அச்சிடு என்று இரண்டு பட்டன் இருந்தால் சப்மிட் ஈவென்டின் டார்கெட் ஃபார்ம்தான். எந்த பட்டன் என்பதை ஈவென்ட்.சப்மிட்டர் சொல்லும். வெப் காம்பொனென்டின் (நாமே உருவாக்கும் எலிமென்ட்) ஷேடோவுக்குள்ளிருந்து (அதன் மறைவான உள்பகுதி) வந்த கிளிக் என்றால் வெளியே நிற்பவருக்கு டார்கெட் அந்தக் காம்பொனென்டாகவே தெரியும். திறந்த ஷேடோ என்றால் கம்போஸ்ட்பாத் என்று கூப்பிட்டு முதல் ஆளைப் பார்.

ஒருவேளை லிசனர் காதிலேயே விழவில்லை என்றால் நடுவில் யாரோ ஸ்டாப்ப்ராபகேஷன் போட்டு ஈவென்டை மறித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள். டாக்குமென்டில் தற்காலிகமாக ஒரு லிசனர் மாட்டி, கடைசியில் ட்ரூ கொடுத்து கேப்சரில் கேள். உள்ளே இறங்கும்போதே பிடித்துவிடும் என்பதால் கீழே யார் மறித்தாலும் டார்கெட் தெரியும். குரோமில் எலிமென்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு கன்சோலில் கெட்ஈவென்ட்லிசனர்ஸ் டாலர் ஜீரோ (தேர்ந்தெடுத்த எலிமென்டின் சுருக்கப் பெயர்) என்று கேட்டால் அதில் யார் யார் காது வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலே வரும்.

கடைசியாக, டெஸ்ட் ஏன் பாஸ் ஆனது? உன் டெஸ்ட் பட்டனைக் கண்டுபிடித்து அதன்மேலேயே நேராக கிளிக் அனுப்புகிறது. அப்போது டார்கெட் பட்டன்தான், உன் இஃப் ஜெயித்துவிடும். கீபோர்டில் டேப் அடித்து எண்டர் தட்டினாலும் அதே கதை. நீ மவுஸைத் தொடாமல் வேலை செய்கிற ஆள், கஸ்டமர் கட்டைவிரலால் படத்தின் நடுவில் குத்துகிற ஆள். டெஸ்டில் எஸ்விஜிக்குள் இருக்கிற பாத்தின்மேலும் ஒரு கிளிக் அனுப்பு, இப்போதிருக்கும் கோட் அங்கே விழ வேண்டும். விழுந்த பிறகு க்ளோசஸ்ட் போட்டு எழுப்பு. திருத்து பட்டனில் அழுத்தி அழி பட்டனில் விடுகிறவர் ஒருவரையும் சேர்த்துக்கொள். இன்றைய பிரவுசர்களில் அந்த கிளிக் இரண்டு பட்டனுக்கும் பொதுவான மேல் எலிமென்டுக்குப் போகும், உன் க்ளோசஸ்ட் நல் தரும், ஒன்றும் அழியக்கூடாது.

மாற்றிய கோட்டை இரவில் அனுப்பு, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் தீபாவளி டிக்கெட் புக்கிங் திறந்த அன்றே போட்டுவிடு, தட்கலை நம்பாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா