‘கவலை வேண்டாம்’ என்ற அந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில், ஸ்கேனில் ‘கொழுப்புக் கல்லீரல், கிரேடு 2’ என்று வந்ததாகக் கேட்டிருந்த சர்க்கரை நோயாளி ஒருவருக்கு, ‘எஸ்.ஜி.பி.டி. (ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் நொதி) அளவு சரியாக இருப்பதால் கல்லீரலைப் பற்றிக் கவலை வேண்டாம்’ என்று பதில் அளித்திருந்தீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் இதழைப் படித்து வருகிறேன். அந்த வரிக்கு மேல் பக்கத்தைப் புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

இதே சொல்லை 2019இல் என் அண்ணனிடமும் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது 58. சர்க்கரை நோய் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பரிசோதனைத் தாளை நான் இன்றும் வைத்திருக்கிறேன். கல்லீரல் சோதனையில் பார்க்கும் இரு நொதிகளில் எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 25, இரண்டுமே இயல்பு வரம்பான 40க்குள். ரத்தத் தட்டணுக்கள் மட்டும் குறைந்து, 1,30,000 என்று தடித்த எழுத்தில் இருந்தன. மழைக்காலம், ஊரெங்கும் டெங்குப் பேச்சு. அண்ணி பப்பாளி இலையை அம்மியில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, பத்து நாள் விடாமல் கொடுத்தார். கல்லீரலில் தழும்பு ஏற ஏற அதன் வழியே ரத்தம் ஓடுவது தடைப்பட்டு மண்ணீரல் வீங்கும் என்பதையும், வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும் அன்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. மூன்றாண்டு கழித்து, தை அறுவடையின்போது, களத்தில் நின்றிருந்தவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். கொழுப்பு படிந்து, தழும்பேறி, கல்லீரல் சுருங்கிவிட்டது என்று அதன் பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டு அவர் இல்லை.

வெற்றிலை பாக்குக்கூடப் போடாத மனிதர் அவர். சாவு வீட்டிலேயே, ‘யாருக்கும் தெரியாமல் குடித்திருப்பார்’ என்று அண்ணியின் காதுபடப் பேசினார்கள். ஊராரை மட்டும் நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? கல்லீரல் பற்றிய கட்டுரை என்றால் மதுப்புட்டியின் படத்தைத்தானே தாங்களும் போடுகிறீர்கள்? இது குறித்து முன்பே இரண்டு கடிதங்கள் எழுதினேன், இரண்டும் வெளிவரவில்லை. கீழாநெல்லி கல்லீரல் நோய் அனைத்தையும் தீர்க்கும் என்ற கட்டுரைக்கு மட்டும் முழுப் பக்கம் கிடைத்தது.

நான் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மேலோட்டமாகக் காய்ந்த நெல் கையில் அள்ளினால் சலசலக்கும். ஈரமானியில் இட்டால் ஈரப்பதம் 17 சதவீத வரம்பைத் தாண்டி நிற்கும். கைக்குத் தெரிவதை நம்பக் கூடாது என்பதைத் தொழிலில் கற்றிருந்தும், அண்ணனின் தாளில் ‘நார்மல்’ என்று இருந்ததை நானும் நம்பிவிட்டேன். எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி. தழும்பு எவ்வளவு என்பதை அது அளப்பதில்லை. தழும்பு முற்றியவர்களிடமும் அது இயல்பான அளவில் இருக்கக்கூடும். ஸ்கேன் சொல்லும் கிரேடும் கொழுப்பின் அளவையே குறிக்கும்.

தழும்பை ஊகிக்க ஒரு கணக்கு 2006 முதலே இருக்கிறது என்பதைத் தங்கள் மருத்துவப் பகுதியினர் அறியாமல் இருக்க மாட்டார்கள். அதன் பெயர் ஃபிப்-4. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கிக்கொள்ள வேண்டும். தட்டணு எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் எடுத்து எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, வந்த தொகையால் முன்னதை வகுக்க வேண்டும். விடை 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த வரம்பு 2. விடை 2.67ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். இடைப்பட்டவர்களுக்கு, கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனை தேவைப்படும். இது நோயை உறுதி செய்யும் கணக்கு அன்று; 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்துவதும் இல்லை. ஆயினும் சர்க்கரை நோயாளிகளுக்கு இதைப் போட்டுப் பார்க்கும்படி அமெரிக்க நீரிழிவு சங்கமே அறிவுறுத்துகிறது. அண்ணனின் தாளை வைத்துக் கணக்கிட்டேன்: 58ஐ 38ஆல் பெருக்கினால் 2204, 130ஐ 5ஆல் பெருக்கினால் 650, விடை 3.39. அவர் ரத்த வாந்தி எடுப்பதற்கு மூன்றாண்டு முன்பே இந்த எண் அந்தத் தாளுக்குள் இருந்திருக்கிறது. தனியாக ஒரு சொட்டு ரத்தம்கூட எடுத்திருக்க வேண்டியதில்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் 2021இலேயே, மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல் நோயைத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்து, 2024 செப்டம்பரில் திருத்திய வழிகாட்டுதலையும் வெளியிட்டுவிட்டது. எங்கள் ஊரில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் மாத்திரை வாங்குகிறவர்களில் இந்தக் கணக்கைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

ஆகவே, அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தத்தையும், ஒரு சிறிய கட்டத்தில் இந்தக் கணக்கையும் வரும் ஞாயிறு மலரில் வெளியிட வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை வெளியிட இடம் இல்லையென்றாலும் பரவாயில்லை. கேள்வி அனுப்பிய அந்த வாசகரின் முகவரி தங்களிடம் இருக்கும். அவருடைய வயது என்ன, தட்டணுக்கள் எத்தனை என்று கேட்டு ஓர் அஞ்சலட்டையாவது எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.