எந்தப் புதூர்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கத் தமிழர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததையும், 1911 வரை ஒன்றரை லட்சம் இந்தியர் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனதையும் நன்றாகச் சொல்லியிருந்தீர்கள். அப்படிப் போன ஒருவரின் எள்ளுப்பேரன் போன ஆடியில் என் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்று யாரோ அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

கையில் கப்பல் பட்டியலின் நகல். முன்னோருக்குக் கொடுத்த எண், பெயர், அப்பா பெயர், வயது 22, சாதி, உடம்பிலுள்ள தழும்பு வரை எல்லாம் இருந்தது. ஜில்லா வட ஆற்காடு, தாணா (போலீஸ் சரகம்) போளூர். ஊர்? புதூர்! எங்கள் பக்கம் எத்தனை புதூர் என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்காது. போதாக்குறைக்கு வட ஆற்காடு மாவட்டமே 1989-இல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவர் வேலூரில் மூன்று நாள் அலைந்துவிட்டு, அப்புறம்தான் போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம் என்று தெரிந்து வந்தாராம்.

அவருடைய குடும்பப் பெயர் கோவெண்டர். நம்மூர்க் கவுண்டர்தான் அங்கே எழுதிய கையில் அப்படி ஆகியிருக்கிறார். தமிழ் பேச வராது. ஆனால் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை விடவில்லை. எங்கள் தெருக் கூழை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார்.

அந்த எள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருட ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, ஊர் திரும்பாமல் காய்கறி பயிரிட்டிருக்கிறார். ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவர்களுக்கு வருடம் 3 பவுண்டு (பவுண்டுக்கு 20 ஷில்லிங்) தலைவரி என்று 1895-இல் சட்டம் வந்தது. மாதம் 10 ஷில்லிங்கில் வாழ்க்கையைத் தொடங்கியவர்களுக்கு அது ஆறு மாதக் கூலி. 1914-இல்தான் அந்த வரி ஒழிந்தது. பிள்ளைகள் வாங்கிய வீடும் பிற்பாடு, இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்ற குழுப் பகுதிச் சட்டத்தில் பறிபோக, குடும்பத்தை இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவர் கோபமில்லாமல் சொன்னார். எனக்குத்தான் கோபம் வந்தது.

சரி, நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? கிராமக் கணக்கில் தேடலாமே என்று சிலர் சொன்னார்கள். முப்பது வருடம் அந்தக் கணக்கோடு குப்பை கொட்டியவன் நான். அதில் பட்டாதாரர் பெயர் இருக்கும். காணி நிலம் இல்லாமல் கப்பலேறியவன் பெயர் எப்படி இருக்கும்?

என் யோசனை ஒன்றுதான். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் வைத்திருக்கும் வாசகர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். 'தேசாந்திரம் போனவர்', 'அக்கரைச் சீமைக்குப் போய்த் தகவல் இல்லாதவர்' என்று ஒரு சகோதரன் பெயர் ஒரு வரியில் ஒதுங்கிக் கிடக்கலாம். நீங்களும் இதற்காக மாதம் ஒரு பத்தி ஒதுக்கினால் நல்லது.

அவரை மூன்று புதூர்களுக்குக் கூட்டிப் போனேன். மூன்றாவது ஊரில் ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, "நிலத்துல பங்கு கேட்டு வந்திருக்காரா?" என்று மெல்லக் கேட்டார். இல்லை ஐயா என்றேன். அதன் பிறகுதான் அவர் வீட்டுப் பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்கியது. இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
போளூர் வட்டம்.