அறுபது கலைஞர்கள் எங்கே? டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள், கோரமங்களா, பெங்களூரு.

பொருள்: ராக் இசைக்குழுவும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வழங்கிய நிகழ்ச்சி; ‘கோல்டு’ வகை டிக்கெட் மூன்று; ரூ.19,500 மற்றும் வசதிக் கட்டணம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். டிக்கெட் விற்ற உங்கள் செயலியின் அரட்டைப் பெட்டியில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டதால் இந்தக் கடிதம். ஒவ்வொரு முறையும் புதுப் புகார் எண் வருகிறது, பழைய எண் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்படுகிறது. என்ன தீர்த்தீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

‘அறுபது கலைஞர்கள், மேடையில் நேரடியாக’ என்று விளம்பரம் செய்தவர்கள் நீங்கள். அதை நம்பித்தான் சென்னையிலிருந்து என் அப்பாவை வரவழைத்தேன். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்து எங்களைப் படிக்க வைத்தவர் அவர். எலகங்காவுக்கு அப்பால் அந்தத் திடலுக்குப் போய் உட்கார்ந்தால், மேடையில் பத்துப் பன்னிரண்டு பேர். பின்வரிசை நாற்காலிகள் காலி. ஒலிபெருக்கியிலோ பெரும்படையே வாசிப்பதுபோல் வயலின் ஓசை!

அப்பா என் கையைத் தட்டி, “வில்லைப் பார்” என்றார். மூன்றாவது பாட்டில் பாதிப் பேரின் வில் மடியில் கிடந்தது. வயலின்களில் மைக் இல்லை. எதிரிலும் மைக் ஸ்டாண்ட் இல்லை. டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிடாரும் முழங்கும் மேடையில் மைக் இல்லாத வயலின் முன்வரிசைக்குக்கூடக் கேட்காது. வாசிப்பவர்களைக் கையசைத்து வழிநடத்தும் இசை நடத்துநர் கையை இறக்கிய பிறகும் வயலின் ஓசை நீண்டுகொண்டே போனது. முன்பே பதிவு செய்த ஒலியைத்தான் ஓடவிட்டிருக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரரை உட்கார வைத்துவிட்டு கேசட் போட்டால் பெண்வீட்டார் சும்மா விடுவார்களா?

இந்த வகை நிகழ்ச்சி என்னவென்று விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் என்ற ராக் குழு ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு வாசித்தது. அதற்காக அக்குழுவின் ஜான் லார்ட் ஆர்கெஸ்ட்ராவுக்கும் சேர்த்தே இசை எழுதினார். மால்கம் ஆர்னால்டு இசை நடத்துநர். 1999இல் மெட்டாலிகா ராக் குழு சான் பிரான்சிஸ்கோ சிம்பொனியோடு மேடையேறியது. அங்கே மைக்கேல் கேமன் நடத்துநர் கோலைப் பிடித்தார். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் கேட்டு, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து வாசிக்கும் அந்த உரசலைக் கேட்கத்தான் டிக்கெட் வாங்கினோம். பதிவு செய்த ஒலியைக் கேட்க வீட்டிலேயே ஒலிபெருக்கி இருக்கிறது.

இனி உங்கள் தொலைபேசிப் பிரதிநிதி. நான் சொன்னதைப் பாதியில் வெட்டி, “உங்களுக்குப் பாட்டு கேட்டதா, கேட்கவில்லையா? கேட்டதென்றால் சேவை முடிந்தது” என்றார். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். “அறுபது பேரை உட்கார்ந்து எண்ணினீர்களா?” என்றும் அந்தப் பிரதிநிதி கேட்டுச் சிரித்தார். ஐம்பது ஆண்டு வயலின் பிடித்த மனிதரின் முன்னால் அந்தச் சிரிப்பு! அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து கேளுங்கள்.

கோரமங்களா அலுவலகத்துக்கு அலைந்ததை எழுத மறந்தேன். அல்சூரிலிருந்து அரைநாள் விடுப்பு எடுத்து, நெரிசலில் வெந்து வந்தால், “நேரில் புகார் வாங்குவதில்லை, செயலியில் போடுங்கள்” என்று காவலாளியே வாசலில் திருப்பி அனுப்பினார். அவர்மேல் குறையில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

உங்கள் நிறுவனத்தோடு பல ஆண்டுப் பழக்கம். சுமுகமாக முடிக்கவே விரும்புகிறேன். டிக்கெட் தொகை, வசதிக் கட்டணம், அப்பாவின் ரயில் செலவு, வாடகைக் கார் ஆகியவற்றோடு, அவருக்கு நேர்ந்த அவமானத்துக்கும் மன உளைச்சலுக்கும் இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறேன். அது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றினால், இனி நேரடி இசை என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிட்ட அப்பாவிடம் பேசிப் பாருங்கள்.

பதினைந்து நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை உங்கள் வழக்கறிஞர் சொல்வார். நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடவும் அதே சட்டம் இடம் தருகிறது. விளம்பரப் படமும், மேடையை எடுத்த காணொளியும் என்னிடம் உள்ளன.

அழைப்பதாக இருந்தால், முன்பு பேசிய அந்தப் பிரதிநிதியை மட்டும் அழைக்க வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அல்சூர், பெங்களூரு.